சம்மதமும் புரிதலும்: தமிழில் தரவுத் தனியுரிமை அறிவிப்புகளின் மொழி – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தனிநபர் தரவைப் பெற விரும்பும் நிறுவனம், அதற்கான வேண்டுகோளைத் தெளிவான எளிய மொழியில் முன்வைக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. அவ்வேண்டுகோளையும் அதனுடன் வரும் அறிவிப்பையும் ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மொழியிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்கு வழங்குகிறது. ஆங்கில மூலத்தைத் தமிழாக்கிவிட்டால் இக்கடமை நிறைவேறிவிடும் என்னும் எண்ணத்தை இக்கட்டுரை மறுக்கிறது. தலைப்புச் சொல், வினை செய்பவரை மறைக்கும் தொடர், ‘-லாம்’ ஈற்று வினை, முடிவுறாத பட்டியல் ஆகிய நான்கு இடங்களில் தமிழ் அறிவிப்பு பொருள் மயங்கும் முறையை விளக்கி, அம்மயக்கத்தில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாளரால் தீர்க்க இயலாதது என்றும், மூல ஆவணத்தை ஆக்குவோர் எடுக்க வேண்டிய முடிவுகளைச் சார்ந்தது என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, ஒப்புதல், எளிய மொழி, சட்டத்தமிழ், மொழிபெயர்ப்பு, செயப்பாட்டுவினை

முன்னுரை

கைபேசியில் ஒரு செயலியை நிறுவும் எவரும் சில நொடிகளில் ஓர் ஒப்பந்தத்துக்கு உட்படுகின்றனர். தம் பெயர், தொடர்பு எண்கள், இருப்பிடம், வாங்கும் பொருள், உடல்நலக் குறிப்பு முதலியவற்றை யார் பெறுவர், எதற்குப் பயன்படுத்துவர், யாருக்குக் கொடுப்பர் என்பவற்றைத் தனியுரிமைக் கொள்கை என்னும் நெடிய ஆவணம் கூறுகிறது. அதனைப் படித்தவராகக் கருதப்பட்டே பயனரின் ஒப்புதல் பதிவாகிறது. படிக்கப்படாத ஓர் உரை, படித்துணர்ந்த சம்மதமாக மாற்றப்படும் இந்நிகழ்வே சிக்கலின் மையம்.

2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஒருமனதாக அறிவித்தது. அடிப்படை உரிமை ஒன்றை ஒருவர் தாமே விட்டுக்கொடுக்கும் தருணத்தை அமைப்பது ஒரு சில தொடர்கள் எனில், அத்தொடர்கள் மொழி ஆய்வுக்கு உரியவை. தமிழில் சட்டமொழி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தை மையமாகக் கொண்டவை. தொடரமைப்பு, வினைமுற்று, பட்டியல் முறை ஆகியவை உரிமையைப் பாதிக்கும் விதத்தை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. சட்டம் வேண்டும் தெளிவு

2011ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள், நிறுவனங்கள் தம் தனியுரிமைக் கொள்கையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றன. கொள்கையைப் பொதுவில் வைத்திருப்பது அங்குக் கடமையாக்கப்பட்டது. எம்மொழியில் வைப்பது என்பது பேசப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் சட்டம் இவ்வகையில் ஒரு மாற்றம். அதன் 5ஆம் பிரிவு, ஒப்புதல் வேண்டும்போது உடன் தரப்பட வேண்டிய அறிவிப்பைப் பற்றியது. 6ஆம் பிரிவு, ஒப்புதல் என்பது தன்விருப்பமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கு உரியதாகவும், விவரம் அறிந்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமற்றதாகவும், தெளிவான ஒரு செயலால் வெளிப்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது தமிழ் வழக்கு. சட்டம் அவ்வழக்கை இங்கு ஏற்கவில்லை. பயனர் பேசாதிருந்தார் என்பதோ, முன்னரே குறியிடப்பட்டிருந்த கட்டத்தை நீக்காமல் விட்டார் என்பதோ அவருடைய தெளிவான செயலாகாது. அதே பிரிவில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டும் கருதத்தக்கது. தொலை மருத்துவச் செயலி ஒன்று, மருத்துவச் சேவைக்கான தரவோடு கைபேசியின் தொடர்பு எண் பட்டியலுக்கும் இசைவு கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் இசைந்தாலும், எண் பட்டியல் அச்சேவைக்குத் தேவையற்றது ஆதலின் அவருடைய ஒப்புதல் அதனைத் தழுவாது என்கிறது சட்டம்.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் இதனை மேலும் கூர்மையாக்குகின்றன. அறிவிப்பு பிற ஆவணங்களின் துணையின்றித் தனித்து நின்று புரிய வேண்டும். பெறப்படும் தரவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டும். நோக்கத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒப்புதலை அளித்த அதே எளிமையோடு திரும்பப் பெறும் வழியைக் காட்ட வேண்டும். ஆயின் ‘தெளிவான எளிய மொழி’ என்பதற்குச் சட்டத்திலோ விதிகளிலோ வரையறை இல்லை. இருபத்திரண்டு மொழிகளுக்கும் பொதுவாக வரையறுக்க இயலாத அதனை, அந்தந்த மொழியின் இயல்புக்கேற்ப வரையறுப்பது மொழியறிஞரின் பணியாகிறது.

2. படிக்கப்படாமையின் காரணங்கள்

தனியுரிமைக் கொள்கைகள் படிக்கப்படுவதில்லை என்பது பல ஆய்வுகள் காட்டிய உண்மை. அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலீசியா மெக்டொனால்ட், லோரி கிரேனர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, ஓர் அமெரிக்கப் பயனர் ஓராண்டில் தாம் செல்லும் இணையதளங்களின் கொள்கைகளை முழுதும் படிக்க 200 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும். ஜோனதன் ஓபார், ஆன் ஓல்டார்ஃப்-ஹிர்ஷ் ஆகியோர் கற்பனையான ஒரு சமூக ஊடகத்தை உருவாக்கி 543 பேரைச் சேரச் செய்தபோது, 74 விழுக்காட்டினர் தனியுரிமைக் கொள்கையைத் திறக்காமலே சேர்ந்தனர். 2018 ஜூலையில் நீதியரசர் பி. என். ஸ்ரீகிருஷ்ணா குழு அளித்த அறிக்கையும், அடுத்தடுத்து ஒப்புதல் கேட்கப்படுவதால் விளையும் சோர்வைக் கருத்தில் கொண்டது.

இவற்றிலிருந்து சிக்கல் நீளமே என்னும் முடிவுக்கு வருவது எளிது. ஐரோப்பிய அனுபவம் வேறு இரு காரணங்களையும் காட்டுகிறது. ஒன்று, சிதறல். 2019 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுள் நிறுவனத்துக்கு 5 கோடி யூரோ தண்டம் விதித்தபோது சுட்டிய குறைகளுள், இன்றியமையாத விவரங்கள் பல ஆவணங்களில் சிதறிக் கிடந்ததும் ஒன்று. மற்றொன்று, மொழி. 2021 ஜூலையில் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு டிக்டாக் நிறுவனத்துக்கு 7,50,000 யூரோ தண்டம் விதித்தது. அந்நாட்டுச் சிறுவர்கள் பலர் பயன்படுத்திய செயலியின் தனியுரிமை அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது என்பதே காரணம். பயனர் அறியாத மொழியில் தரப்பட்ட அறிவிப்பு அறிவிப்பே அன்று என்னும் கொள்கை இதனால் உறுதிப்பட்டது.

எனினும் பயனரின் மொழியில் தருதல் என்பது தொடக்கமே. தமிழில் எழுதப்பட்டதாலேயே ஓர் உரை தமிழருக்குப் புரிந்துவிடாது என்பதைப் பத்திரப்பதிவு ஆவணங்களோடு பழகிய எவரும் அறிவர்.

3. தலைப்பிலேயே தொடங்கும் மயக்கம்

‘தனியுரிமைக் கொள்கை’ என்னும் தலைப்பு இரு சொற்களாலானது. இரண்டும் பொதுப் பயனரை வேறு திசைக்கு இட்டுச்செல்லக் கூடியவை. ‘தனியுரிமை’ என்பது ஒருவருக்கு மட்டும் உரிய ஏகபோக உரிமை என்னும் பொருளிலும் தமிழில் வழங்குகிறது. மூலநிரல் திறந்துவைக்கப்படாத மென்பொருளைத் ‘தனியுரிமை மென்பொருள்’ என்பது இவ்வழக்கைச் சார்ந்தது. அந்தரங்கம், பிறர் அறியாதிருத்தல் என்னும் பொருள் இச்சொல்லில் வெளிப்படையாக இல்லை. நிறுவனத்துக்கு உரிய ஏதோ ஓர் உரிமையைப் பற்றிய ஆவணம் என ஒருவர் இதனைக் கொள்வாராயின் அது அவர் பிழையன்று.

‘கொள்கை’ என்பது அன்றாட வழக்கில் கட்சியின் கொள்கை, வாழ்க்கைக் கொள்கை என உயர்ந்த இலட்சியத்தைக் குறிக்கும். இவ்விரு சொற்களும் சேரும்போது, பயனரின் நலனைக் காப்பதாக நிறுவனம் ஏற்ற உறுதிமொழி என்னும் தோற்றம் எழுகிறது. ஆவணத்தின் உள்ளடக்கமோ, தரவை எவ்வாறெல்லாம் நிறுவனம் பயன்படுத்தும் என்னும் விவரம். இத்தவறான நம்பிக்கை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனம் தனியுரிமைக் கொள்கையை வெளியிட்டிருந்தாலே அது பயனரின் தகவல்களை இரகசியமாக வைத்திருக்கும் என்று ஏறத்தாழப் பாதிப்பேர் கருதினர். தமிழில் ‘கொள்கை’ என்னும் சொல்லின் மதிப்பேற்றம் அந்நம்பிக்கைக்கு மேலும் வலுவூட்டக் கூடும். ‘உங்கள் தகவலை நாங்கள் என்ன செய்கிறோம்’ என்னும் தலைப்பு கலைச்சொல் ஆகாது. ஆயினும் உள்ளடக்கத்தை உள்ளவாறு உணர்த்தும்.

இசைவைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘ஒப்புதல்’ என்பது மேலதிகாரி அளிக்கும் அனுமதியையும், ‘ஒப்புக்கொள்ளுதல்’ என்பது குற்றத்தை ஏற்றலையும் நினைவூட்டும். ‘சம்மதம்’ என்னும் சொல்லோ, மறுக்கும் வாய்ப்பு உள்ள ஒருவரிடம் கேட்டுப் பெறுவது என்னும் பொருளைத் திருமணப் பேச்சு முதல் அறுவை மருத்துவம் வரை தன்னுடன் கொண்டு வழங்குகிறது. வடசொல் என்பது கருதி ஆவணங்களில் அது தவிர்க்கப்படலாம். ஆனால் உரிமையைத் தீர்மானிக்கும் பொத்தானில் தூய்மையைவிடப் புழக்கமே முதன்மை பெற வேண்டும்.

4. தொடரமைப்பில் மறைவன

4.1 வினை செய்பவர்

‘தகவல் சேகரிக்கப்படுகிறது’, ‘பகிரப்படும்’, ‘பாதுகாக்கப்படும்’ என்பன இவ்வகை ஆவணங்களின் இயல்பான வினைமுற்றுகள். செயப்பாட்டுவினையில் ‘ஆல்’ உருபேற்ற கருத்தாவை விடுத்தாலும் தொடர் இலக்கண நிறைவு பெறும். அந்நிறைவே பொருட்குறையை மறைக்கிறது. யாரால் பகிரப்படும் என்பது சொல்லப்படாதபோது, தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் சொல்லப்படாததாகிறது.

செய்வினையாக மாற்றினாலும் ஒரு சிக்கல் எஞ்சும். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைக்குத் தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என இரு வடிவங்கள் உள்ளன. ‘நாம்’ கேட்பவரை உளப்படுத்தும். ‘நாங்கள்’ அவரை விலக்கும். ‘நாம் உங்கள் தகவலைப் பயன்படுத்துவோம்’ என்னும் தொடர், பயனரையும் செயலில் பங்காளியாக்கும் பிழையுடையது. ‘நாங்கள்’ என்பது பயனரை விலக்கிவிடுகிறது. ஆனால் அச்சொல்லுள் யார் யார் அடங்குவர் – செயலியை நடத்தும் நிறுவனம் மட்டுமா, அதன் தாய் நிறுவனமும் கிளை நிறுவனங்களுமா – என்பதை அது கூறுவதில்லை. அறிவிப்பின் முதல் வரியிலேயே ‘நாங்கள்’ என்பதன் எல்லையைப் பெயர் சுட்டி வரையறுப்பது தேவை.

4.2 ‘-லாம்’ ஈறு

‘மழை பெய்யலாம்’ என்பதில் ‘-லாம்’ நிகழக்கூடுமையைக் குறிக்கிறது. ‘நீங்கள் போகலாம்’ என்பதில் அனுமதியைக் குறிக்கிறது. ‘உங்கள் தகவல் பகிரப்படலாம்’ என்னும் தொடர் இவ்விரண்டுள் எதனைக் குறிக்கிறது? பயனர் அதனைப் பகிரவும் கூடும், பகிராமலும் போகக்கூடும் என்னும் தொலைவான சாத்தியமாகக் கொள்வர். நிறுவனமோ, பகிர்வதற்குத் தாம் பெற்றுவிட்ட அனுமதியாக அதனைக் கொள்ளும். ஒரே வினைமுற்றில் ஒருவருக்கு ஆறுதலும் மற்றவருக்கு அதிகாரமும் கிடைக்கின்றன. மூல ஆங்கிலத்தில் உள்ள துணைவினைக்கும் இதே இரட்டைத்தன்மை உண்டு. எனவே சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது மயக்கம் சிறிதும் குறையாமல் தமிழுக்கு வந்து சேர்கிறது.

4.3 முடிவுறாத பட்டியல்

தமிழில் பட்டியலை முடிக்கும் சொல்லே அதன் வரம்பையும் தீர்மானிக்கிறது. ‘பெயர், எண், முகவரி ஆகியவை’ எனின் அம்மூன்றே. ‘போன்றவை’, ‘முதலியவை’, ‘உள்ளிட்டவை’ எனின் சொல்லாதனவும் அடங்கும். தரவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டும் என்னும் விதியைத் தமிழில் நிறைவேற்றக் கூடிய சொல் ‘ஆகிய’ என்பதே. ‘போன்ற’ எனும் ஒரு சொல் அவ்விதியை வெறுமையாக்கிவிடும். ஆங்கிலத்தில் நீண்ட வரையறைகளால் மட்டுமே பெறத்தக்க கட்டுப்பாட்டைத் தமிழ் ஒரே இடைவரவால் தருகிறது என்பது வரைவாளர் பயன்கொள்ளத்தக்க வசதி.

5. மாதிரித் தொடரும் அதன் மறுஆக்கமும்

மேற்கண்ட கூறுகளை விளக்குவதற்காகக் கீழ்க்காணும் மாதிரித் தொடர் அமைக்கப்பட்டுள்ளது. மருந்துகளை வீட்டில் கொண்டுவந்து தரும் ஒரு செயலிக்கு உரியதாக இதனைக் கொள்ளலாம்.

“எமது சேவைகளை மேம்படுத்தும் பொருட்டு, உங்கள் பெயர், தொலைபேசி எண், முகவரி போன்ற தகவல்கள் சேகரிக்கப்பட்டு, தேவைக்கேற்ப நம்பகமான மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்.”

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை, அருஞ்சொல்லும் இல்லை. ஆயினும் எவ்வகைத் தகவல், யாருக்கு, எதற்கு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இல்லை. ‘நம்பகமான’ என்னும் அடை யாருடைய நம்பிக்கை என்று கூறவில்லை. ‘மூன்றாம் தரப்பு’ என்பது சட்டப் பயிற்சி உடையோர்க்கே பொருள் தரும் சொல். இதன் மறுஆக்கம் பின்வருமாறு அமையலாம்.

“உங்களிடமிருந்து பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி ஆகிய மூன்றையும் பெறுகிறோம். மருந்தை உங்கள் வீட்டில் சேர்ப்பதற்காக இவற்றை மருந்துக் கடைக்கும், கொண்டுவந்து தருபவருக்கும் கொடுக்கிறோம். உங்கள் கைபேசி எண்ணை விளம்பர நிறுவனங்களுக்கும் கொடுக்க விரும்புகிறோம். இதற்கு நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் மருந்து வரும். சம்மதித்த பின் மனம் மாறினால், இதே பக்கத்தில் ஒரே அழுத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.”

மறுஆக்கத்தின் இறுதியிலும் ‘-லாம்’ வருகிறது. ஆனால் அங்கு அனுமதி பெறுபவர் பயனர், மயக்கம் இல்லை. மறுஆக்கம் முன்னதைவிட நீளமானது என்பதும் நோக்கத்தக்கது. நூலின் குற்றங்களை வகுத்த நன்னூல், சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதையும் மிகுத்துச் சொல்வதையும் ஒருசேரக் குற்றமாக்கியது. பொருள் மயங்க வைப்பதையும் அவற்றோடு சேர்த்தது. எளிமை என்பதைச் சுருக்கம் என்று மட்டும் கொள்ளும் இக்கால வழக்குக்கு இது தக்க திருத்தம்.

இவ்விரு வடிவங்களையும் ஒப்பிடும்போது முதன்மையான ஓர் உண்மை புலனாகிறது. முதல் வடிவத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர், இரண்டாம் வடிவத்தை எழுதவே இயலாது. தகவல் விளம்பர நிறுவனத்துக்குச் செல்கிறது என்பதும், மறுத்தாலும் சேவை தொடரும் என்பதும் முதல் வடிவத்தில் இல்லை. அவற்றை அறிந்தவர் நிறுவனத்தார் மட்டுமே. தமிழ் அறிவிப்பு புரியவில்லை என்னும் குறை வழக்கமாக மொழிபெயர்ப்பாளர் மீதும், சில வேளைகளில் தமிழ்மொழியின் மீதுமே சுமத்தப்படுகிறது. குறையின் பிறப்பிடம் மூல ஆவணத்தின் திட்டமிட்ட நெகிழ்ச்சி.

6. எழுத்தைக் கடந்த பயனர்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. ஏழு வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அன்று எழுத்தறிவு பெறாதவர். கைபேசி வழியே பணம் பெறுவோரிலும் அனுப்புவோரிலும் அத்தகையோர் உளர். எழுத்தறிந்தோர்க்கும் பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையிலான தொலைவு ஒரு தடை. தமிழ்போன்ற இரட்டை வழக்கு மொழிக்குத் ‘தெளிவான எளிய மொழி’ என்பது, படித்துக் காட்டினால் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளத்தக்க மொழி என்றே பொருள்பட வேண்டும். ஒலிவடிவ அறிவிப்பு இதற்குத் துணைசெய்யும்.

எளிமையை அளக்கும் முறையிலும் எச்சரிக்கை தேவை. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் ஆங்கிலத்துக்கென வகுத்த வாசிப்பெளிமைச் சூத்திரம், தொடரின் சொல் எண்ணிக்கையையும் சொல்லின் அசை எண்ணிக்கையையும் கொண்டு கணக்கிடுகிறது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ‘கொடுத்துவிட்டிருக்கிறார்கள்’ என்பது ஒரே சொல், அசைகள் பல, பொருளோ குழந்தைக்கும் விளங்கும். ‘தரவு’, ‘நுகர்வு’ என்பன சிறு சொற்கள், பலருக்கு விளங்கா. எனவே அச்சூத்திரத்தை அப்படியே தமிழுக்குப் பொருத்துதல் பயன் தராது. அறிவிப்பைக் கேட்ட பின் ‘உங்கள் எண் யாரிடம் போகும்?’, ‘வேண்டாம் என்றால் என்ன ஆகும்?’ எனப் பயனர் சிலரிடம் வினவி விடை பெறுவதே நம்பத்தக்க அளவுகோல்.

7. எளிமையின் எல்லை

எளிய மொழிக்கு எதிராக எழுப்பப்படும் தடைகளுள் வலுவானது ஹெலன் நிசென்பாம் 2011இல் சுட்டிய வெளிப்படைத்தன்மையின் முரண். சுருக்கினால் உண்மையில் முக்கியமான நுண்விவரங்கள் மறைகின்றன. அனைத்தையும் விரித்தால் எவரும் படிப்பதில்லை. இது தள்ளத்தக்க தடையன்று. உறுத்தாத இனிய சொற்களால் ஆன ஓர் அறிவிப்பு, கடினமான அறிவிப்பைவிடத் திறமையாக ஏமாற்றவும் கூடும். எனினும் இத்தடை, தரவு பலரிடம் பல நோக்கங்களுக்காகச் செல்வதை மாற்ற இயலாத நிலையாகக் கொள்கிறது. எளிய தமிழில் நாணமின்றிச் சொல்ல இயலாத ஒரு பயன்பாடு, செய்யத்தகாத பயன்பாடாகவும் இருக்கலாம். அவ்வகையில் எளிய மொழி, நிறுவனத்தின் செயலையே சோதிக்கும் கருவியாகிறது.

புரிதல் மட்டும் சம்மதத்தை உண்டாக்காது என்பதும் உண்மை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்குமாறு பயனர்களுக்கு அறிவித்தபோது, முதலில் பிப்ரவரி 8 எனக் காலவரை குறித்து, எதிர்ப்புக்குப் பின் மே 15 வரை நீட்டித்தது. 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், மறுக்கும் வாய்ப்பின்றிப் பயனரை ஏற்கச் செய்த முறையைக் குறைகூறி மெட்டா நிறுவனத்துக்கு ரூ.213.14 கோடி தண்டம் விதித்தது. அவ்வாணை பின்னர் மேல்முறையீட்டுக்கு உள்ளானது. அக்கொள்கையை ஒருவர் முழுதும் படித்துணர்ந்திருந்தாலும், உறவினரும் வாடிக்கையாளரும் அச்செயலியிலேயே இருக்கும்போது ‘வேண்டாம்’ எனும் விடைக்கு இடமில்லை. மறுக்க இயலாதவரிடம் தெளிவாகச் சொல்வது அறிவித்தல் ஆகும். சம்மதம் பெறுதல் ஆகாது.

இன்னொரு வினா தமிழறிந்தோர் கவனத்துக்கு உரியது. ஆங்கில வடிவத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் முரண் நேர்ந்தால் ஆங்கிலமே செல்லும் எனக் கூறும் விதி நிறுவன ஒப்பந்தங்களில் பழகிய ஒன்று. சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகள் இவ்விரு வடிவங்களுள் எது மேலோங்கும் என்று கூறவில்லை. பயனர் படித்தது தமிழ் வடிவம். அவர் சம்மதித்ததும் அதற்கே. அவர் படிக்காத உரை அவரைக் கட்டுப்படுத்தும் எனில், மொழி வாய்ப்பு வெறும் அலங்காரமாகிவிடும். தமிழ் வடிவத்தின் வழி பெறப்பட்ட ஒப்புதலுக்குத் தமிழ் வடிவமே ஆதாரமாதல் வேண்டும்.

முடிவுரை

தமிழ் அறிவிப்புகளின் மயக்கம் அருஞ்சொற்களில் இருப்பதைவிட, எளியனவாகத் தோன்றும் தொடர்களிலேயே மிகுதி. வினை செய்பவரைப் பெயர் சுட்டிக் கூறுதல், நிறுவனத்தின் செயலுக்கு ‘-லாம்’ ஈற்றைத் தவிர்த்தல், பட்டியலை ‘ஆகிய’ என முடித்தல், நோக்கத்தையும் பெறுபவரையும் தனித்தனியே சொல்லுதல், மறுத்தால் நேர்வதைக் கூறுதல், காதால் கேட்டுப் புரியுமாறு அமைத்தல் ஆகிய ஆறும் தமிழில் ‘தெளிவான எளிய மொழி’க்கு அடிப்படை வரையறையாகக் கொள்ளத்தக்கவை. இவற்றுள் பெரும்பாலானவை மொழிபெயர்ப்பு மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்யப்பட வேண்டியவை. ஆதலின் தமிழ் வடிவத்தை இறுதிக்கட்ட வேலையாகக் கருதாமல், தமிழறிந்தவரை வரைவின் தொடக்கத்திலேயே இணைத்துக்கொள்ளும் நடைமுறை வேண்டும். பயன்பாட்டில் உள்ள தமிழ் அறிவிப்புகளைத் திரட்டி, மேற்கண்ட கூறுகள் அவற்றில் பயின்றுவரும் அளவைக் கணக்கிட்டு, பல்வேறு கல்விநிலைப் பயனரிடம் புரிதலைச் சோதிப்பது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.